எங்கட ஜனாஸாவுக்கு மட்டும்தானா மனித உரிமை?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள். உடன்பாடு இல்லாவிட்டால் கருத்தோடு மோதுங்கள், ஆளோடு வேண்டாம்.

"ஆர்ப்பாட்டம், மனித உரிமை எல்லாம் வெள்ளைக்காரன்ட வேலை. அது அரசியல். நாம துஆ செஞ்சிட்டு பேசாம இரிப்பம்." நாட்டில் எங்காவது மக்கள் வீதிக்கு இறங்கினால் நமது ஊர் வட்ஸ்அப் குழுக்களில் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. அதே குழுவில், அதே ஆட்கள், லண்டனில் காஸாவுக்காக நடந்த ஊர்வலத்தின் வீடியோவை மாஷா அல்லாஹ் போட்டுப் பகிர்கிறார்கள். காஸாவுக்காகக் குரல் கொடுப்பது நமது கடமை, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் லண்டனில் கூடும் என்றால் மாத்தளையில் ஏன் கூடாது? நமது ஆட்களுக்குக் கூடும் என்றால் அடுத்தவனுக்கு ஏன் கூடாது?

2020ஐ அதற்குள் மறந்துவிட்டோமா? கொவிட் ஜனாஸாக்களை எரிக்கத்தான் வேண்டும் என்று ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியும் கேட்கவில்லை. டிசம்பர் 9ஆம் திகதி, பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையை பொரளையில் எரித்தார்கள். அதற்குப் பிறகு கனத்தை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணி கட்ட வந்தவர்களில் சிங்களவர் இருந்தார்கள், தமிழர் இருந்தார்கள், கிறிஸ்தவ மதகுருமார் இருந்தார்கள். நீதிமன்றத்தில் நமது ஜனாஸாக்களுக்காக வாதாடிய சட்டத்தரணிகளில் ஒருவர் சுமந்திரன். 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியில் தமிழ் மக்கள் தங்கள் கோரிக்கைகளோடு நமது ஜனாஸா பிரச்சினையையும் சுமந்து போனார்கள். அந்த மாதக் கடைசியில்தான் வர்த்தமானி மாறியது. ஜெனீவா அழுத்தம் இருந்தது, இம்ரான் கானின் வருகை இருந்தது, நமது துஆவும் இருந்தது. வீதியில் நின்ற அடுத்த சமூகத்தவரும் இருந்தார்கள். அவர்களில் ஒருவராவது "இது சோனகர்ட பிரச்சின, நமக்கெதுக்கு" என்று வீட்டில் இருக்கவில்லை.

இனி நமது மாவட்டத்துக்கு வருவோம்.

2012 ஏப்ரல் 20, வெள்ளிக்கிழமை. தம்புள்ளை பள்ளிவாசலுக்குள் கூட்டம் புகுந்தது, அன்றைய ஜும்ஆ நடக்கவில்லை. அது நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதே தம்புள்ளையில் பத்திரகாளி அம்மன் கோவிலும் குறிவைக்கப்பட்டு, 2013 ஒக்டோபரில் இடிக்கப்பட்டது. அது நம்மில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் மண் வெட்டியபோது மனித எலும்புகள் வந்தன. 150க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள். 1986க்கும் 1990க்கும் இடைப்பட்டவை என்று தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ சொன்னார். அதைவிடப் பழையவை என்று பிறகு வேறு அறிக்கை வந்தது. இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. 89இல் காணாமல் போன தங்கள் பிள்ளைகள் அதற்குள் இருக்கலாம் என்று வந்து நின்றவர்கள் பெரும்பாலும் சிங்களத் தாய் தகப்பன்மார். 1989இல் மாத்தளை மாவட்டத்தின் இராணுவ இணைப்பதிகாரியாக இருந்தவர் கோட்டாபய ராஜபக்ஷ. அந்தக் குழிக்கு அவர் பொறுப்பு என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்துக்கு இந்த நாட்டில் யாரும் ஒழுங்காகக் கணக்குக் கேட்கவில்லை. கணக்குக் கேட்காத நாட்டில் அவர் ஜனாதிபதியானார். அவருடைய ஆட்சியில்தான் நமது ஜனாஸாக்கள் எரிந்தன. அடுத்தவன் பிள்ளையின் மையித்துக்கு நீதி கிடைக்காத மண்ணில் நமது மையித்துக்கு மட்டும் தனியாக மரியாதை கிடைக்குமா?

2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய மலையக மக்களின் நடைபயணம் ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில்தான் முடிந்தது. 200 வருடங்களுக்கு முன் அவர்களுடைய முன்னோர் நடந்து வந்த பாதை அது. காணியும் வீடும் நியாயமான சம்பளமும் கேட்டு தம்புள்ளை, நாலந்த பக்கமாக நமது ஊர்களைத் தாண்டி வந்தார்கள். றத்தோட்டையிலும் எல்கடுவையிலும் லயத்தில் இருக்கும் அந்த மக்கள்தான் நமது கடைகளில் சாமான் வாங்குகிறார்கள். கொப்பியில் கடன் எழுத நமக்கு அவர்கள் வேண்டும். உரிமை கேட்டு வந்தால் மட்டும் "அது அவங்கட பிரச்சின".

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகச் சட்டமாக வந்தது. 1982இல் நிரந்தரமாக்கினார்கள். முதலில் தமிழ் இளைஞர்கள் மேல் பாய்ந்தது, நமக்கென்ன என்று இருந்தோம். 2020இல் சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ்வைப் பிடித்தார்கள். அஹ்னாப் ஜஸீமைப் பிடித்தார்கள். அவர் ஓர் ஆசிரியர், தமிழில் ஒரு கவிதைப் புத்தகம் போட்டவர். 19 மாதம் உள்ளே இருந்தார். 2023இல் நீதிமன்றம் விடுதலை செய்தது. போன 19 மாதத்தை யார் திருப்பிக் கொடுப்பது? அந்தச் சட்டத்தை நீக்குவோம் என்று சொல்லி வந்த இன்றைய ஆட்சியிலும், 2025 மார்ச்சில் இஸ்ரேலுக்கு எதிராக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியதற்காக ஒரு முஸ்லிம் இளைஞனை அதே சட்டத்தில் பிடித்தார்கள். 1979இலேயே நாமும் சேர்ந்து எதிர்த்திருந்தால் என்று யோசித்துப் பாருங்கள்.

"தமிழர்கள் நமக்கு என்ன செய்தார்கள்? 90இல் காத்தான்குடி பள்ளியில் சுட்டவன் யார்? வடக்கிலிருந்து விரட்டியவன் யார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதைச் செய்தது புலிகள். அந்த அநியாயத்தைப் பேசத்தான் வேண்டும், அதற்கும் நீதி கேட்கத்தான் வேண்டும். ஆனால் 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சி வீதியோரத்தில் பிள்ளையின் படத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கும் தாய் நம்மைச் சுடவில்லை, விரட்டவில்லை. ஒரு கூட்டத்தின் மேலுள்ள கோபம் நம்மை அநீதியின் பக்கம் தள்ளிவிடக் கூடாது என்பது ஸூரத்துல் மாயிதாவின் எட்டாவது வசனத்தின் கருத்து. நமக்குக் கோபம் வரும் என்று தெரிந்துதான் அல்லாஹ் அதை இறக்கியிருக்கிறான்.

மார்க்கத்தில் இதற்கு ஆதாரம் கேட்பவர்கள் ஹில்புல் புழூல் உடன்படிக்கையைப் படியுங்கள். யமனிலிருந்து வந்த ஒரு வியாபாரியின் பொருளை வாங்கிக்கொண்டு மக்காவின் பெரிய மனிதர் ஒருவர் காசு கொடுக்க மறுத்தார். அந்த ஆள் மலையில் ஏறிச் சத்தமிட்டு முறையிட்டார். இன்றைய பாஷையில் அது ஆர்ப்பாட்டம். அதைக் கேட்டு, அநீதி இழைக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் அவர் பக்கம் நிற்போம் என்று சிலர் சத்தியம் செய்தார்கள். நபித்துவத்துக்கு முந்திய காலம். அங்கே இருந்த நபி (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பிறகும் அப்படியொன்றுக்கு அழைத்தால் போவேன் என்று சொன்னார்கள். ஒரு யூதரின் பிரேதம் போனபோது எழுந்து நின்று, அதுவும் ஓர் உயிர்தானே என்று கேட்டவர்களும் அவர்களே. புகாரியில் இருக்கிறது.

துஆவை விடச் சொல்லவில்லை. துஆவை ஒளிந்துகொள்ளும் இடமாக்க வேண்டாம் என்கிறேன். கல்லெறியவோ கட்சிக் கொடி பிடிக்கவோ சொல்லவில்லை. அடுத்த முறை தோட்டத்து மக்கள் லயத்துக்கு வெளியே ஒரு வீட்டுக்காக நிற்கும்போது பள்ளி நிர்வாகத்திலிருந்து இரண்டு பேர் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். புதைகுழியில் பிள்ளையைத் தேடும் சிங்களத் தாயைப் பற்றி ஒரு குத்பாவில் பேசுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கக் கோரும் மனு வந்தால், அதைத் தமிழர் கொண்டுவந்தார்களா சிங்களவர் கொண்டுவந்தார்களா என்று பார்க்காமல் கையெழுத்து வையுங்கள்.

நமக்கு ஒன்று நடக்கும்போது அடுத்தவன் வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவனுக்கு நடக்கும்போது நாம் எங்கே இருந்தோம் என்று அவனும் கேட்பான். நாளை மறுமையில் அல்லாஹ்வும் கேட்பான்.

இது எனது சொந்தக் கருத்து. சரியென்று பட்டால் பகிருங்கள்.