களத்தில் இறங்குமுன் கால் மணி நேரம்

விடியற்காலை அத்திப்பட்டு ஸ்டேஷனில் எப்போதாவது இறங்கியிருக்கிறீர்களா? கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில், எண்ணூரைத் தாண்டி வரும் ஊர். தூரத்தில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். பிளாட்பாரத்தில் இராத்திரி ஷிப்டு முடித்துக் கண் எரிய வந்து இறங்கும் வாலிபர்கள்.

என் அக்கா மகனும் அவர்களில் ஒருவன். வாரம் ஆறு நாள் ஒப்பந்த வேலை, ஞாயிற்றுக்கிழமை கபடி. வேறொன்றுமில்லை, நம் பழைய சடுகுடுதான். 1990-ல் பீஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியாகச் சேர்ந்த பிறகு அதற்கு மவுசு ஏறிவிட்டது!

போன வருஷப் பொங்கல் பந்தயத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஷிப்டு முடிந்து ரயிலில் உட்கார்ந்தே வந்தவன், நேரே பனியனை மாட்டிக்கொண்டு முதல் ரெய்டுக்குப் போனான். போனஸ் கோட்டைத் தாண்டக் காலை வீசி நீட்டினான். தொடையின் பின்புறம் சாட்டையால் அடித்தது போலிருந்ததாம். தசை கிழிந்துவிட்டது. ஐந்து வாரம் படுக்கை. வராத நாளுக்குச் சம்பளம் ஏது? அக்காவின் வளையல் அடகுக் கடைக்குப் போயிற்று. "கபடி என்ற பேச்சே இந்த வீட்டில் கூடாது" என்று அவள் உத்தரவு போட்டதில் என்ன தப்பு?

இந்த வருஷம் பையன் ஓர் உருளையுடன் வந்து நின்றான். திண்டு மாதிரி உருண்டையாக, கெட்டியான நுரையில் செய்தது. ஃபோம் ரோலர் என்று பெயர். தரையில் போட்டு, அதன் மேல் தொடையை வைத்து முன்னும் பின்னும் உருள வேண்டும்.

"மாமா, இதில் பத்து நிமிஷம் உருண்டால் போதும். உடம்பு தயார்!" என்றான்.

"நீயே விசாரித்துச் சொல்லுடா, தம்பி. இவனை நம்பி அனுப்பலாமா?" என்றாள் அக்கா.

பிஸியோதெரபிஸ்டாக இருக்கும் சிநேகிதரிடம் போனேன். அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை பந்தும் கையுமாகத் திரியலாம்.

உருளை மோசமில்லை. ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிஷம் உருண்டால் தசையின் பிடிப்புத் தளரும். கால் சற்று அதிகமாக மடங்கும், நீளும். பலமும் குறையாது. ஆனால் அந்தச் சௌகரியம் கொஞ்ச நேரத்துக்குத்தான். தசையை மூடிய சவ்வையே அது பிரித்துப் போடுகிறது என்பதெல்லாம் வியாபாரப் பேச்சு. எலும்பின் மேலும் முழங்காலின் பின்குழியிலும் உருட்டக் கூடாது. வீக்கம் இருந்தால் தொடவே கூடாது, டாக்டரிடம் போங்கள்.

அடுத்தது, குனிந்து கால் விரலைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பது. பள்ளிக்கூட டிரில்லில் நாம் எல்லோரும் நின்றவர்கள்தானே! ஒரே தசையை ஒரு நிமிஷத்துக்கு மேல் இழுத்து நின்றால் உடனே வரும் ஓட்டத்திலும் தாவலிலும் வேகம் சற்றுக் குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள். அரை நிமிஷத்துக்குள் என்றால் பாதகமில்லை. நீண்ட இழுவையை ஆட்டம் முடிந்தபின் சாவகாசமாக வைத்துக்கொள்ளலாம். மறுநாள் வலியை அது போக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

பின்னே எதுதான் உடம்பைக் காக்கும்? சூடு! ரத்தம் ஓடி, இலேசாக வியர்த்த தசைதான் திடீர் இழுப்புக்கு ஈடு கொடுக்கும். ஐந்து நிமிஷம் மெதுவாக ஓட வேண்டும். பிறகு காலை முன்னும் பின்னும் வீசுவது, நடந்தபடியே முழங்காலை மடக்கி இறங்குவது, பக்கவாட்டில் தாவுவது. கடைசியில் அரை வேகத்தில் இரண்டு ரெய்டு, முழு வேகத்தில் ஒன்று. பஸ்கி எடுத்து உடம்பைப் பதப்படுத்திய நம் பயில்வான்களுக்கு இதெல்லாம் வேடிக்கையாகக்கூட இருந்திருக்காது.

நார்வே தேசத்தில் கால்பந்து ஆடும் பதின்மூன்று முதல் பதினேழு வயதுப் பெண்களை வைத்துப் பரீட்சித்தார்கள். ஓட்டம், பலப் பயிற்சி, ஒற்றைக் காலில் நிற்பது, குதிப்பது எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம். 2008-ல் வெளியான கணக்கின்படி காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. ஒழுங்காகச் செய்தவர்களுக்கே பலன் அதிகம். உருளையே இல்லாமல் நடந்த காரியம் இது! ராத்திரி கண் விழித்த உடம்புக்கு இதனாலும் முழுக் காப்பு இல்லை. தூங்கி எழுந்துதான் ஆட வேண்டும் என்று சிநேகிதர் கண்டிப்பாகச் சொன்னார்.

அக்காவிடம் ஒப்பித்தேன். யோசித்துவிட்டு அனுமதி கொடுத்தாள், ஒரு நிபந்தனையுடன். அவளும் மைதானத்துக்கு வருவாள். பனியன் அவள் கையில் இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். பையன் ஓடிக்கொண்டிருக்கிறான். நடுவர் விசில் ஊதி, "நேரமாச்சு, வாப்பா!" என்றார். பனியனை மடியில் வைத்திருந்த அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்குங்க" என்றாள்.