பாசிக்கு மீல்ஸ் போடுறது யாரு?

மதுரை வெயிலுக்கு வத்தல் மட்டுமா காயும்? ஜன்னலோர மீன் தொட்டியில பாசியும் செழிக்கும். இந்த வாரம் தேய்ச்சா, அடுத்த வாரம் மறுபடி பச்சை! ஏன்னா நீங்க துடைச்சது பாசியைத்தான், அதோட சாப்பாட்டை இல்லை. வெளிச்சம், மிச்சத் தீனி, மீன் கழிவு... இதான் பாஸ் அதோட ஃபுல் மீல்ஸ்.

தொட்டியை ஜன்னலை விட்டுத் தள்ளி வைங்க. லைட் தினம் 6 முதல் 8 மணி நேரம் போதும். 2 நிமிஷத்துல மீன் தின்னு முடிக்கிற அளவு மட்டும் தீனி. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணியை மாத்துங்க. குழாய்த் தண்ணின்னா, குளோரினை முறிக்கிற மருந்து கலந்துட்டு ஊத்துங்க. மொத்தத் தொட்டியையும் கழுவிக் கவிழ்த்தா, கழிவைச் சுத்தம் பண்ற நல்ல பாக்டீரியாவும் காலி!

'டேங்க் கிளீனர்' மீன் வாங்கலாமேங்கிறீங்களா? அவர் தென் அமெரிக்கப் பார்ட்டி. விரல் நீளத்துல வந்து, 1 அடியைத் தாண்டி வளருவார். அவர் போடுற கழிவே பாசிக்கு உரம். இடம் பத்தலைன்னு வைகையிலயோ தெப்பக்குளத்துலயோ விட்டுடாதீங்க ப்ளீஸ். தமிழ்நாட்டு நீர்நிலைகள்ல ஏற்கெனவே பெருகி, நாட்டு மீன்களோட இரைக்குப் போட்டி போடுறார். முள்ளு உடம்பால மீனவர் வலையையும் கிழிக்கிறார்.

தொட்டிப் பாசி நம்ம பிரச்னை. அதை வைகை தலையில கட்டலாமா?