வேருக்கு ஒரு விலை, கேப்புக்கு ஒரு விலை!

கடைவாய்ப் பல் சொத்தையாகி, இரவெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்த தொழிலாளி பல் டாக்டரிடம் போகிறார். "ரூட் கெனால் செய்தால் பல் பிழைக்கும்" என்று ஒரு தொகை சொல்கிறார் டாக்டர். கடன் வாங்கிக் கட்டிய பிறகுதான் தெரிகிறது, அந்தத் தொகை வேரோடு நின்றுவிட்டதென்று!

எக்ஸ்ரே தனி. உள்ளிருக்கும் நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பது ஒரு கணக்கு. உடைந்த பல்லைக் கட்டி எழுப்புவது இன்னொரு கணக்கு. அதன்மேல் போடும் கேப்புக்கு வேறு கணக்கு. அதிலும் உலோகத்துக்கு ஒரு விலை, பீங்கானுக்கு ஒரு விலை. முன்பல்லில் பெரும்பாலும் ஒரே வேர்க்குழாய். கடைவாய்ப் பல்லில் மூன்று, நான்கு இருக்கும். வேலை கூடினால் கூலியும் கூடும். அதை நாம் குறை சொல்லவில்லை. உழைப்புக்குக் கூலி வேண்டாமென்று நாமா சொல்வோம்?

முழுக் கணக்கை முதலிலேயே ஏன் சொல்வதில்லை? இதுவே நம் கேள்வி. கேப் போடாத கடைவாய்ப் பல் மெல்லும்போது பிளந்துபோகலாம். பணமும் போச்சு, பல்லும் போச்சு! இதற்கு அஞ்சியே, காப்பாற்றக்கூடிய பல்லையும் "பிடுங்கிவிடுங்க ஐயா" என்கிறார் கூலிக்காரர்.

இங்கிலாந்தின் அரசு மருத்துவத் திட்டத்தில் 2006 முதல், ஒரே சிகிச்சையில் ரூட் கெனாலும் கேப்பும் சேர்ந்தால் கட்டணம் ஒன்றே. அதை நிர்ணயிப்பது அரசு. அங்கும் இலவசமில்லைதான், ஆனால் தொகை முன்கூட்டியே தெரியும்.

இங்கே, நாற்காலியில் சாயுமுன் கேளுங்கள்: எக்ஸ்ரே முதல் கேப் வரை மொத்தம் எவ்வளவு? எழுதித் தருவீர்களா?