சிறைக் கதவு திறக்காமல் சமாதானம் வராது

1950ஆம் ஆண்டு பிப்ரவரி 11. இந்தியா குடியரசாகிப் பதினாறே நாட்கள் ஆகியிருந்தன. அன்று சேலம் சிறையின் மதில்களுக்குள் கம்யூனிஸ்டுக் கைதிகள் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. 22 தோழர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். தங்களை மனிதர்களாக நடத்த வேண்டும் என்று கேட்டதே அவர்கள் செய்த குற்றம். நமது தர்மபுரி அன்று சேலம் ஜில்லாவின் ஒரு பகுதி. 1965இல்தான் தனி மாவட்டமாயிற்று. ஆகவே அது எங்கோ தூரதேசத்தில் சிந்திய ரத்தமல்ல. நமது வாசற்படியில் சிந்திய ரத்தம்.

அதே பிப்ரவரி மாதக் கடைசியில் தடுப்புக் காவல் சட்டம் வந்தது. தோழர் ஏ. கே. கோபாலன் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். 1950 மே 19இல் தீர்ப்பு சர்க்கார் பக்கமே சாய்ந்தது. விசாரணையின்றி மனிதனைப் பூட்டி வைக்கலாம் என்பது புதிய குடியரசின் சட்டமாயிற்று.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு? பாலஸ்தீனத்திலும் இலங்கையிலும் சமாதானம் வந்துவிட்டதாக ஆளும் வட்டாரங்கள் சொல்லிக்கொள்கின்றன. பென்னாகரத்திலும் அரூரிலும் கூட்டம் போட்டால், "குடிதண்ணீருக்கே வழியில்லை, பிழைப்புக்குப் பெங்களூர் போகிறோம், அந்த ஊர்க் கைதிகளைப் பற்றி நமக்கென்ன?" என்று நம்மைக் கேட்கிறார்கள். கேட்பவர்கள் கெட்டவர்களல்ல, உழைக்கும் மக்கள். அவர்களுக்குப் பதில் சொல்வது நமது கடமை.

தற்காலிகம் என்று வந்த சட்டம்

முதலில் இலங்கையைப் பார்ப்போம். 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் என்ற ஒன்றை ஜெயவர்த்தனா சர்க்கார் கொண்டுவந்தது. தற்காலிக ஏற்பாடு என்றார்கள். 1982இல் அதை நிரந்தரமாக்கினார்கள். மந்திரியின் கையெழுத்தே போதும். குற்றச்சாட்டில்லாமல் பதினெட்டு மாதம் வரை ஒருவரை அடைத்து வைக்கலாம். 2022இல்தான் இது பன்னிரண்டு மாதமாகக் குறைக்கப்பட்டது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியாக ஏற்கலாம். அடித்து வாங்கினார்கள் என்றால், அதை அடிபட்டவனே நிரூபிக்க வேண்டுமாம்! கதவடைத்த அறையில் நடந்ததற்கு அவன் எந்தச் சாட்சியைக் கொண்டுவருவான்?

அந்தச் சட்டத்தின் முகம் 1983 ஜூலையில் தெரிந்தது. கொழும்பு வெலிக்கடைச் சிறையில் ஜூலை 25இல் 35 தமிழ்க் கைதிகளும், 27இல் மேலும் 18 பேரும் கொல்லப்பட்டார்கள். குட்டிமணி, தங்கதுரை, ஜெகன் ஆகியோரும் அவர்களில் அடக்கம். சர்க்காரின் காவலில், சர்க்காரின் பூட்டுக்குள் 53 உயிர்கள்! இதற்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

பின்பு கால் நூற்றாண்டு யுத்தம். 2009 மே மாதம் துப்பாக்கிகள் ஓய்ந்தன. சமாதானம் வந்ததா? 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். ராணுவத்திடம் ஒப்படைத்த எங்கள் பிள்ளை எங்கே என்பதே அவர்கள் கேள்வி. போராட்டம் வருஷக்கணக்கில் நீண்டது. பதில் காணாமலே பல தாய்மார்கள் கண்ணை மூடிவிட்டார்கள். தாய்க்குப் பதில் சொல்ல முடியாத சமாதானம் என்ன சமாதானம்?

இதில் உழைக்கும் மக்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒரு பாடம் உண்டு. தமிழனுக்கென்று செய்த விலங்கு தமிழன் கையோடு நிற்கவில்லை. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு அது முஸ்லிம்கள் கையில் ஏறியது. அஹ்னாஃப் ஜஸீம் என்ற கவிஞர் 2020 மே மாதம் கைதானார். 2021 டிசம்பரில்தான் ஜாமீன். 2023இல் குற்றமற்றவர் என்று விடுதலை. கோதபய ராஜபக்சேவை மக்கள் எழுச்சி விரட்டிய 2022ஆம் ஆண்டிலோ, அதே சட்டத்தின் கீழ் சிங்கள மாணவர் தலைவர் வசந்த முதலிகே அடைக்கப்பட்டார். அண்டை வீட்டானுக்குக் கட்டும் சிறையில் நாளை நமக்கும் ஓர் அறை உண்டு என்பதைச் சிங்கள வாலிபர்கள் அனுபவத்தில் கண்டார்கள்.

2024இல் ஜனாதிபதியான அநுர குமார திசாநாயக்கவின் கட்சி 1971 கிளர்ச்சிக்குப் பின் ஆயிரக்கணக்கில் சிறைக்குப் போன சிங்கள வாலிபர்களின் கட்சி. சட்டத்தை ரத்துச் செய்வோம் என்று வாக்குக் கொடுத்தே அவர் வந்தார். ஆனால் 2025 மார்ச்சில் நடந்தது என்ன? கொழும்பில் இஸ்ரேலைக் கண்டித்து ஒரு சிறு ஒட்டுத்தாளை ஒட்டிய முஸ்லிம் வாலிபர் ஒருவர் அதே சட்டத்தின் கீழ் கைதானார். கண்டனம் வலுத்த பின்பே ஏப்ரலில் விட்டார்கள். காஸாவின் குழந்தைகளுக்காகக் கொழும்பில் ஒரு காகிதம் ஒட்டினால் பயங்கரவாதம்! இரண்டு நாட்டுச் சிறைகளும் ஒரே சங்கிலியில் கோத்தவை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

பாலஸ்தீனச் சிறைகள்

இஸ்ரேலில் இதற்கு நிர்வாகக் காவல் என்று பெயர். பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம் 1945இல் பாலஸ்தீனத்தில் போட்ட அவசரக் கட்டளைகளே இதற்கு மூலவித்து. ஆறு மாதக் காவல். முடிந்தால் மறுபடி ஆறு மாதம். குற்றம் என்னவென்று கைதிக்கும் தெரியாது. அவன் வக்கீலுக்கும் தெரியாது. இப்படிப் பலமுறை அடைபட்ட கதர் அத்னான், 86 நாட்கள் உணவு மறுத்து 2023 மே 2இல் சிறையிலேயே இறந்தார்.

2023 அக்டோபர் 7இல் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1200 பேர் மாண்டார்கள். 251 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். வயோதிகரையும் குழந்தைகளையும் கொன்றதையும் கடத்தியதையும் நாம் நியாயப்படுத்தவில்லை. இலங்கையில் புலிகள் செய்த சகோதரக் கொலைகளையும் நாம் நியாயப்படுத்தியதில்லை. ஆனால் அதைச் சாக்காக வைத்து இஸ்ரேல் நடத்திய யுத்தத்தில் காஸாவில் மாண்டவர்கள் 2025 அக்டோபருக்குள் அறுபத்தேழாயிரத்தைத் தாண்டினார்கள். ஒரு ஜனசமூகத்தையே நசுக்குவது தற்காப்பல்ல.

2025 அக்டோபர் 10இல் சண்டை நிறுத்தம் வந்தது. 13ஆம் தேதி உயிரோடிருந்த 20 பிணைக்கைதிகள் வீடு திரும்பினார்கள்; ஏறத்தாழ 2000 பாலஸ்தீனக் கைதிகள் விடுவிக்கப்பட்டார்கள். இதில் சுமார் 1700 பேர் யுத்தத்தின்போது காஸாவில் பிடித்துச் செல்லப்பட்டவர்கள். இரு பக்கத்துத் தாய்மார்களும் அன்று அழுதார்கள். அந்தக் கண்ணீருக்கு ஜாதியில்லை, மதமில்லை. இரண்டு வருஷக் குண்டுவீச்சு மீட்டுக் கொடுத்ததைவிடப் பேச்சுவார்த்தை மீட்டுக் கொடுத்தவர்களே அதிகம் என்பதை உலகம் பார்த்தது.

ஆனால் யார் விடுவிக்கப்படவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். மர்வான் பர்கூதி 2002லிருந்து சிறையில் இருப்பவர். 2006இல் அவரும் மற்ற அமைப்புகளின் தலைவர்களும் சிறைக்குள்ளிருந்தே ஓர் ஆவணம் தயாரித்தார்கள். 1967இல் ஆக்கிரமித்த பிரதேசங்களில் பாலஸ்தீன ராஜ்யம் என்பதற்கு எல்லாப் பிரிவினரையும் ஒன்றுசேர்க்கும் முயற்சி அது. சமாதானம் பேசத் தகுதியுள்ளவனைப் பூட்டி வைத்துவிட்டு, "பேச்சு நடத்த அங்கே யாருமில்லை" என்று சொல்வது ஆளும் கும்பலின் பழைய தந்திரம்.

நமது வீட்டுக் கணக்கு

பிறரைக் குற்றம் சொல்லுமுன் நமது வீட்டையும் பார்ப்போம். பாலஸ்தீனத்தை 1988லேயே அங்கீகரித்த இந்தியா, 2023 அக்டோபர் 27இல் ஐக்கிய நாடுகள் சபையில் சண்டையை நிறுத்தக் கோரிய தீர்மானத்தின் மீது வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. நமது மாவட்டத்து அணைக்கட்டு ஓரங்களில் முகாம் வாழ்க்கை கண்ட இலங்கைத் தமிழரை, 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டுமென்றே வெளியே நிறுத்தியது. திருச்சியில் சிறப்பு முகாம் என்ற பெயரில் சிறை நடந்திருக்கிறது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்த சாந்தன் அங்கேதான் வைக்கப்பட்டார். ஊருக்குத் திரும்பித் தாயைப் பார்க்காமலே 2024 பிப்ரவரியில் சென்னை மருத்துவமனையில் உயிர் நீத்தார். தண்டனை முடிந்தவனுக்கும் விடுதலையில்லையென்றால் அந்த நீதிக்கு என்ன பெயர்?

"வாச்சாத்தியை மறந்துவிட்டீர்களா?" என்று நாமும் நமது மக்களைக் கேட்கிறோம். 1992 ஜூன் 20இல் சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் ரெவின்யூ அதிகாரிகளும் அந்த மலையடிவாரக் கிராமத்தில் புகுந்தார்கள். 18 பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டார்கள். 90 பெண்கள், 28 குழந்தைகள் உள்பட 133 பேர் சிறையில் தள்ளப்பட்டார்கள். எந்தச் சிறை? அதே சேலம் சிறை! அன்று அம்மக்களும் கடத்தல்காரர்கள் என்றே முத்திரை குத்தப்பட்டார்கள். கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடவில்லை. தோழர் நல்லசிவன் நீதிமன்றம் சென்றார். 2011 செப்டம்பர் 29இல் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 31 வருஷங்கள்! கைதிகள் வாதிகளானார்கள், பிடித்தவர்கள் கூண்டில் நின்றார்கள்.

நமக்கென்ன என்பதற்கு இதுவே பதில். கிளிநொச்சித் தாயின் கேள்வியும், காஸாத் தாயின் கேள்வியும், வாச்சாத்தித் தாயின் கேள்வியும் ஒன்றே. வாச்சாத்திக்காக வெளியூர்த் தோழர்கள் குரல் கொடுக்காவிட்டால் அந்த நீதி கிடைத்திருக்காது. அந்தக் கடனை நாம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சமாதானத்துக்கு வழி என்ன? விசாரணையற்ற காவல் ஒழிய வேண்டும். அரசியல் கைதிகள் விடுதலையாக வேண்டும். காணாமல் போனோரின் கணக்குத் தீர வேண்டும். இலங்கையில் தமிழருக்கு அதிகாரப் பகிர்வும் சம உரிமையும், பாலஸ்தீனருக்குச் சுதந்திர ராஜ்யமும் கிடைக்க வேண்டும். இவை தானமாகக் கிடைப்பவையல்ல. சிங்கள உழைப்பாளியும் தமிழ் உழைப்பாளியும், யூத ஜனநாயகவாதியும் அராபிய விவசாயியும் கைகோக்கும்போதுதான் கிடைக்கும்.

ஒவ்வொரு பிப்ரவரி 11லும் சேலம் தியாகிகளுக்குக் கொடி தாழ்த்துகிறோம். அத்தோடு நின்றுவிடக் கூடாது. இன்று எந்த நாட்டுச் சிறையில் எவன் விசாரணையின்றிக் கிடந்தாலும் அவனுக்காக நமது கிளைகள் தீர்மானம் போடட்டும், கிராமம் கிராமமாகக் கையெழுத்து வாங்கட்டும். அந்த 22 பேருக்கு நாம் செலுத்தும் மெய்யான அஞ்சலி அதுவே!