ஒரு செட் குடுங்க!

கத்தரிக்காய் வாங்கும்போது அமுக்கிப் பார்க்கிறோம். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். தாம்பரம் சண்முகம் ரோட்டில் பத்து ரூபாய் கர்ச்சீப்புக்குக்கூடக் கால் மணி நேரம் பேரம் பேசுகிறோம். ஆனால் மெடிக்கல் ஷாப்பில்?

"அண்ணே, காலைலேர்ந்து ஏழெட்டு தடவை போயிடுச்சு..."

"ஒரு செட் போட்டுத் தரவா?"

"போடுங்க."

அவ்வளவுதான். முப்பது செகண்டில் வியாபாரம் முடிந்தது. கடைக்காரர் கத்தரிக்கோலால் வெள்ளையில் ரெண்டு, மஞ்சளில் ரெண்டு, கேப்ஸ்யூலில் ரெண்டு என்று நறுக்கி, உள்ளங்கை அகல கவரில் போட்டு, "சாப்பிட்டதும் போடுங்க" என்பார். என்ன மாத்திரை, என்ன பேர், எப்போது எக்ஸ்பயரி? அதெல்லாம் வெட்டுப்படாத மீதி அட்டையில் இருக்கும். மீதி அட்டை கடையில் இருக்கும்.

நான் பி.காம். வயிற்றைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஒரு குற்றவாளிக்குத் தன் குற்றத்தைப் பற்றிச் சொல்லும் தகுதி உண்டு சார்.

தினமும் பீச் டிரெயினில் என்னோடு வரும் ஒரு நண்பர். எட்டு பத்து வண்டியைத் தவறவிடவே மாட்டார் என்பதால் எங்கள் பெட்டியில் அவர் பெயரே 'எட்டு பத்து'. நிஜப் பெயரைச் சொல்ல மாட்டேன். எந்த ஸ்டேஷனில் ஏறுகிறார், எந்தக் கம்பெனி என்பதும் கிடையாது. எழுதுவதற்கு அனுமதி கொடுத்துவிட்டார். ஒரே நிபந்தனை, தலைமுடி பற்றி எழுதக் கூடாது. எழுதவில்லை.

ஒருநாள் பழவந்தாங்கல் தாண்டியதும் 'எட்டு பத்து' முகம் சுருங்கியது. கிண்டியில் நெற்றியில் வேர்வை. சைதாப்பேட்டையில் குதித்து இறங்கி ஓடினார். புறநகர் ரயில் நிலையத்தில் அவசரத்துக்கு ஒரு பாத்ரூம் தேடிய அனுபவம் உங்களுக்கு இருந்தால் மேலே விவரிக்க வேண்டியதில்லை. இல்லையென்றால் நீங்கள் பாக்கியவான்.

நானும் கூடவே இறங்கினேன். என் பையில் சிப்ரோ மாத்திரை இருந்தது. போன மாதம் எனக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது. ஐந்து நாளைக்குப் பத்து மாத்திரை. ரெண்டு நாளில் நாலு போட்டதும் சரியாகிவிட்டது. சரியான பிறகு எதற்கு மாத்திரை? ஆறு மிச்சம். அக்கவுண்ட்ஸ்காரன் பாருங்கள், மிச்சம் என்றால் சந்தோஷம்.

அதில் நாலை வெட்டி, கர்ணன் கவச குண்டலத்தைக் கழற்றிக் கொடுத்த தோரணையில் அவரிடம் கொடுத்தேன். "இதைப் போடுங்க பாஸ், நாளைக்கு ஜம்முனு வருவீங்க."

ஜம்மென்றுதான் வந்தார். மூணு வாரம் கழித்து மறுபடி போக ஆரம்பித்தது. இந்த முறை அவரே ஒரு செட் வாங்கிக்கொண்டார். நின்றது. மறுபடி வந்தது. இன்னொரு செட். நாலாவது தடவை வயிறு மட்டும் இல்லை, பல் கிட்டுகிற மாதிரி குளிர் ஜுரம். ஒரு வாரம் எட்டு பத்தில் அவர் இல்லை. போன் செய்தால் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்றார்.

பார்க்கப் போனேன். ஆப்பிள், ஹார்லிக்ஸ், வழக்கமான ஆயுதங்களோடு. டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. கதவை ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"பாஸ், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் சானடோரியத்துல மாத்திரை வாங்கறவன்."

"சானடோரியத்துல எந்த மெடிக்கல்?" என்று கேட்டேன்.

அந்த நிலையிலும் சிரித்துவிட்டார். எனக்கு உறைக்க அரை நிமிடம் ஆனது.

நமக்கெல்லாம் சானடோரியம் என்றால் ஒரு ஸ்டேஷன். தாம்பரத்துக்கு முந்தையது, சீட் பிடிக்க முடியாதது. அந்தப் பெயர் வந்தது டாக்டர் சவுரி முத்து 1928-ல் அங்கே தொடங்கிய காசநோய் ஆஸ்பத்திரியால். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம். காற்று, வெயில், ஓய்வு, நல்ல சாப்பாடு இவைதான் வைத்தியம். 1937-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1986-ல் இதே சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்த நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு, 1990-களில் பல இடங்களில் எச்.ஐ.வி. என்றதும் வாசலோடு திருப்பி அனுப்பியபோது, தாம்பரத்தில் படுக்கை கொடுத்தார்கள். 2004 ஏப்ரல் 1-ம் தேதி மத்திய அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தபோது, நாட்டிலேயே முதலில் தொடங்கிய எட்டு இடங்களில் அதுவும் ஒன்று.

நம்ம 'எட்டு பத்து' அங்கே பல வருடமாக மாத்திரை வாங்கி, நன்றாக இருந்தவர். பிறகு ஏன் நிறுத்தினார்? புது வேலை!

"அடிக்கடி ஒரு நாள் லீவு கேட்டா என்ன காரணம் சொல்றது பாஸ்? எனக்கு இருந்ததே ரெண்டு பாட்டி. ஏற்கெனவே நாலு பேரைச் சாகடிச்சிட்டேன்."

எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக வேலையை விட்டுத் தூக்கக் கூடாது, சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ல் சட்டம் போட்டு, 2018 செப்டம்பரில் அமலுக்கும் வந்துவிட்டது. சட்டம் கெஜட்டில் இருக்கிறது. மேனேஜர் எதிர் சீட்டில் இருக்கிறார். எட்டு மாதம் மாத்திரை இல்லை.

உடம்பின் காவல்காரர்களுக்கு சி.டி.4 அணுக்கள் என்று பெயர். சாதாரணமாக ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்துக்கு ஐந்நூறுக்கு மேல் இருக்க வேண்டும். இருநூறுக்குக் கீழே போனால் ஆபத்து. இவருக்கு நூற்று நாற்பது. இந்தக் காவல்காரர்களில் பெரும்படை ரத்தத்தில் இல்லை, குடல் சுவரில் இருக்கிறதாம். எச்.ஐ.வி. நுழைந்ததும் முதலில் சூறையாடுவதும் அங்கேதான். அதனால் உங்களுக்கும் எனக்கும் ரெண்டு நாள் அவஸ்தையோடு போகிற சால்மோனெல்லா மாதிரி கிருமி, இவர்களுக்குக் குடலைத் தாண்டி ரத்தத்தில் இறங்கிவிடுகிறது. மருந்து கொடுத்து விரட்டினால் ஒளிந்திருந்து மறுபடி வருகிறது.

அவரோடு ஒரே டிபன் பாக்ஸில் தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறேனே என்று, உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் என் புத்தி ஓடியது. வெட்கம்தான். எச்.ஐ.வி. தயிர்சாதத்தில் வராது. கை கழுவாதவன் மூலம் சால்மோனெல்லா வரும். கம்பியைப் பிடித்துத் தொங்கிவிட்டு அதே கையால் அவர் டப்பாவில் அள்ளியது நான். பயப்பட வேண்டியவர் அவர், என்னைப் பார்த்து.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைக் காட்டினார். ரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்க்கிறார்கள். வளர்ந்த கிருமியை ஒரு தட்டில் பரப்பி, அதன்மேல் ஒவ்வொரு மருந்திலும் நனைத்த பொட்டு சைஸ் காகித வில்லைகளை வைக்கிறார்கள். மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றிக் கிருமி இல்லாத வட்டம் விழும். கேட்கவில்லையென்றால் பொட்டு வரை கிருமி வந்து உட்கார்ந்திருக்கும். வட்டம் விழுந்தால் ரிப்போர்ட்டில் 'எஸ்'. விழாவிட்டால் 'ஆர்'.

சிப்ரோ — ஆர். கோட்ரைமாக்சசோல் — ஆர். கீழே போகப் போக ஆர்... ஆர்... என் டென்த் மார்க்‌ஷீட் கூட இவ்வளவு மோசம் இல்லை. செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கு மட்டும் ஒரு 'எஸ்'.

"நான் குடுத்த சிப்ரோவாலயா மேடம்?"

"கோர்ட்ல நிரூபிக்க முடியாது," என்றார். அது ஆறுதலா, தீர்ப்பா என்று இன்னும் தெரியவில்லை. "ஆனா ஒவ்வொரு செட்டும் நல்ல கிருமியைக் கொன்னுட்டு, மருந்துக்கு மசியாததை மட்டும் விட்டு வைக்குது. முதல் தடவையே வந்திருந்தா கல்ச்சர் பண்ணியிருக்கலாம். அரைகுறையா மாத்திரை போட்டுட்டு வந்தா கல்ச்சர்ல சில சமயம் ஒண்ணுமே வளராது. கிருமி உள்ளே இருக்கும், ரிப்போர்ட் சுத்தமா இருக்கும்."

இன்னொன்றும் சொன்னார். எச்.ஐ.வி. உள்ளவர்களின் பேதி எல்லாமே பாக்டீரியா இல்லை. கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளும் காரணம். அவற்றின்மேல் சிப்ரோவைப் போடுவது, திருடன் மாடியில் இருக்கும்போது கீழ் வீட்டுக்காரரை அடிப்பது மாதிரி. போதாக்குறைக்கு, செட்டோடு சேர்த்துத் தருகிற சில ஆன்டாசிட்கள், இப்போது எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் டோலுடெக்ராவிர் என்ற மருந்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்குமாம். ரெண்டுக்கும் நடுவில் பல மணி நேரம் இடைவெளி விட வேண்டும். கவரில் அதெல்லாம் எழுதியிருக்குமா?

கிருமி எப்படி இதைக் கற்றுக்கொள்கிறது? நாம் பரீட்சையில் பாஸான அதே வழி. பிட்! ஒரு கிருமி, மருந்தை முறிக்கும் வித்தையைப் பிளாஸ்மிட் என்கிற குட்டி வளையத்தில் எழுதிப் பக்கத்து பெஞ்சுக்குத் தள்ளுகிறது. ஈ.கோலி எழுதிய பிட்டை கிளெப்ஸியெல்லா வாங்குகிறது. சூபர்வைசர் கிடையாது.

அப்படி ஒரு உலகப் புகழ் பெற்ற பிட்டுக்கும் நம்ம ஏரியாவுக்கும் தொடர்பு உண்டு. என்.டி.எம்.-1. டெல்லியில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் கண்டுபிடித்ததால் பெயரில் நியூடெல்லி ஒட்டிக்கொண்டது. கடைசி ஆயுதம் என்று வைத்திருந்த கார்பபெனெம் மருந்துகளையே அது முறித்துவிடும். இது எவ்வளவு பரவியிருக்கிறது என்று 2010-ல் 'லான்செட்' குழுமத்தின் பத்திரிகையில் வந்த ஆராய்ச்சிக்கு முதல் பெயர் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்துக்காரர். சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அது இருந்தது. வேலை தரமணிக்கு, பேர் டெல்லிக்கு. வழக்கம்போல! பெயரால் நாட்டுக்கு அவமானம் என்று ஒரே கூச்சல். கொஞ்ச காலம் கிருமியை விட்டுவிட்டுப் பெயரோடு சண்டை போட்டோம்.

அப்புறம் 2014 மார்ச்சில் ஒரு விதி வந்தது. செஃப்ட்ரியாக்சோன் உள்பட முக்கியமான ஆன்டிபயாடிக்குகளை விற்றால் வாங்கியவர், எழுதிய டாக்டர், அளவு எல்லாவற்றையும் தனி ரெஜிஸ்டரில் எழுதி மூணு வருடம் வைத்திருக்க வேண்டும். ரெஜிஸ்டர் என்றால் எனக்குக் கை பரபரக்கும். வழக்கமான மெடிக்கலில் கேட்டுப் பார்த்தேன். "ஆடிட்டா சார்?" என்றார் கடைக்காரர், கொஞ்சம் வெளிறிப்போய். சிப்ரோவுக்கு அந்த ரெஜிஸ்டர்கூட வேண்டாம், சீட்டு இருந்தால் போதும். சீட்டை யார் கேட்கிறார்கள்?

'எட்டு பத்து' மூணு வாரம் ஊசி போட்டுக்கொண்டார். கூட்டு மருந்தை மறுபடி ஆரம்பித்துவிட்டார். இதில் ஒரு வேடிக்கை, கோட்ரைமாக்சசோலும் தினம் ஒன்று போடச் சொல்லியிருக்கிறார்கள். அதுதான் 'ஆர்' ஆச்சே என்றேன். சால்மோனெல்லாவுக்கு இல்லை, நிமோனியா வராமல் காக்க, அதற்கு அது கேட்கும் என்றார் டாக்டரம்மா. சி.டி.4 ஏறும்வரை. கணக்கில் ஒரு பக்கம் மட்டும் பார்த்து பேலன்ஸ் ஷீட்டைத் திட்டக் கூடாது என்று எனக்கே பாடம்.

இப்போது அவர் பையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட். பேதியில் முதலில் ஆளைக் கொல்வது தண்ணீர் இழப்புதான். 1971-ல் வங்காளதேச அகதிகள் முகாமில் காலரா வந்து டிரிப்ஸ் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்துக் குடிக்கச் சொல்லி உயிர்களைக் காப்பாற்றினார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பெரிய பாக்கெட். ரத்தம் போனாலோ, ஜுரம் வந்தாலோ, எச்.ஐ.வி. இருந்தாலோ அதோடு நிறுத்தாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

போன திங்கட்கிழமை எட்டு பத்தில் ஏறினார். அரை சுற்று இளைத்திருந்தார். லீவுக்கு என்ன சொன்னீங்க என்று கேட்டேன்.

"டைபாய்டுன்னேன். மேனேஜர் அவ்வளவு பரிவா விசாரிச்சார் பாஸ். பழமெல்லாம் வாங்கிட்டு வந்தார்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "டைபாய்டுன்னதால."

சைதாப்பேட்டை வரை நாங்கள் பேசவில்லை.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பையைக் கவிழ்த்தேன். பத்து மாத்திரையில் நாலு நான் போட்டது, நாலு அவருக்குக் கொடுத்தது. கணக்குப்படி ரெண்டு இருக்க வேண்டும். காணோம்.

"ஏம்மா, பையில ரெண்டு மாத்திரை இருந்துச்சே?"

"அதுவா? மாடி வீட்டுப் பாட்டிக்கு வயித்தால போகுதுன்னாங்க. பாவம், வயசானவங்க..." என்றாள் என் மனைவி. "ஜம்முனு ஆயிட்டாங்களாம். இன்னும் இருக்கான்னு கேட்டாங்க."