பற்று நோட்டில் எழுதாத கணக்கு

மலையில் கடை நடத்தும் நம்மவர்களுக்குப் பற்று நோட்டு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. சமவெளியில் வாழும் வாசகர்களுக்காகச் சொல்கிறோம். குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் ஆகிய ஊர்களில் மளிகைக் கடை வைத்திருப்பவர் யாராயினும், அவருடைய கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஓரம் கிழிந்த நோட்டு ஒன்று இருக்கும். தேயிலைத் தோட்டத்து லயன்களில் குடியிருக்கும் குடும்பங்கள் வாங்கும் அரிசியும் பருப்பும் எண்ணெயும் அதில் பெயர்வாரியாக ஏறும். சம்பளம் வந்ததும் கழியும். முழுதும் கழிவது அரிது. பனிக்காலத்தில் கொழுந்து குறைந்து எந்த வீட்டில் வேலைநாள் சுருங்கியது, எந்த வீட்டுத் தலைவர் குடியில் விழுந்தார், எந்த வீட்டில் திருமணக் கடன் அழுத்துகிறது என்பதையெல்லாம் தாலுகா அலுவலகத்தைக் காட்டிலும் அந்த நோட்டு நன்கு அறியும்.

நம் கடை நோட்டில் ஒரு தாயின் பெயர் ஒன்பது ஆண்டுகளாக இருந்தது. கொழுந்து பறிப்பவர். சனிக்கிழமை தவறாமல் வருவார். அவருடைய மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறி, கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் இடமும் பெற்றாள், ஆனால் சேரவில்லை. விடுதி முன்பணம், முதல் மாதச் சாப்பாட்டுக் கட்டணம், ஒரு பெட்டி, போக்குவரத்து என்று சில ஆயிரம் ரூபாய் ஜூன் மாதத்தின் ஒரே வாரத்தில் வேண்டியிருந்தது, திரளவில்லை. ஆகஸ்டில் அவள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். இது நமக்குத் தெரிந்தது எப்போது? பொங்கலுக்கு ஊர் வந்த அந்தப் பெண், தாயின் பழைய பாக்கியைத் தன் சம்பளத்திலிருந்து தீர்க்க வந்தாளே, அப்போதுதான். அவள் எண்ணிக் கொடுத்தாள். நாமும் எண்ணி வாங்கிக்கொண்டோம்.

"ஏம்மா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!" என்றோம் அந்தத் தாயிடம்.

"அரிசிக்கே கடன் பாய். இதையும் எப்படிக் கேட்கிறது?" என்றார்.

அதே ஜூன் மாதத்தில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறோம். சமவெளியில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு கல்லூரிக் கட்டடத்துக்காக நம் மஹல்லாவில் வீடு வீடாகச் சென்று நன்கொடை திரட்டி அனுப்பினோம். கல்வெட்டில் நம் ஊர்ப்பெயர் பொறிக்கப்படும் என்று நன்றிக் கடிதம் வந்தது. ஜும்ஆவுக்குப் பின் அதைப் படித்துக் காட்டினோம். எல்லோருக்கும் மகிழ்ச்சி.

கல்லூரிகளுக்குக் கொடுப்பதைப் பழிக்கிறோம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியும், 1951இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும், அதே ஆண்டில் சென்னையில் புதுக்கல்லூரியும், 1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவ்தியாக் கல்லூரியும் எழாதிருந்தால், இதழைக் கையில் எடுத்துப் படிக்கும் குடும்பங்களில் எத்தனை வீட்டில் பட்டதாரி இருந்திருப்பார்? ஆனால் அந்தப் பெரியவர்களின் பெயரைச் சொல்லி நன்கொடை கேட்கும் நாம், அவர்கள் எங்கே நின்று கொடுத்தார்கள் என்பதைப் பார்க்கத் தவறுகிறோம். வாணியம்பாடியார் வாணியம்பாடியில் கொடுத்தார்கள். கருத்த ராவுத்தர் உத்தமபாளையத்தில் கொடுத்தார். தம் தெருப் பிள்ளைகள் எந்த வகுப்போடு நின்று போகிறார்கள் என்பது அவர்களுக்குக் கண்ணால் கண்ட செய்தி. நாமோ அவர்களுடைய கட்டடத்தைப் பின்பற்றுகிறோம், கண்ணைப் பின்பற்றவில்லை.

இந்த இடத்தில் ஒரு குரல் எழும் என்பதை அறிவோம். "இக்காலத்தில் படிப்புக்கு என்ன செலவு? எல்லாம் அரசாங்கம் இலவசமாகத் தருகிறதே!" என்பது அந்தக் குரல். மெய்தான். 1982இல் சத்துணவு வந்தது; 2022இல் காலை உணவும் சேர்ந்தது. பாடநூல், நோட்டு, சீருடை, பேருந்துப் பயணச் சீட்டு எல்லாம் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கிடைக்கின்றன. ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை கட்டணமின்றிக் கல்வி என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையே வழங்கிவிட்டது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று வகுத்தது. 2024 ஆகஸ்டில் ஆண்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது. நாம் சொன்ன பெண்ணுக்கும் அந்த ஆயிரம் கிடைத்திருக்கும், அவள் கல்லூரியில் சேர்ந்திருந்தால். சேர்ந்த பிறகு வருகின்ற தொகை, சேர்வதற்கு முன் வேண்டிய தொகைக்கு எவ்வாறு ஈடாகும்?

கல்வி இலவசம் என்ற அதே காரணத்தைச் சொல்லித்தான் 2022 நவம்பரில் மத்திய அரசு, சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கொடுத்து வந்த உதவித்தொகையை நிறுத்தியது. நம் சமுதாயம் கொதித்தது, கொதித்தது முறையே. கட்டணம் இல்லையென்றால் செலவே இல்லையா என்று மேடைதோறும் கேட்டோம். நல்ல கேள்வி. அதே கேள்வியை நம் உள்ளூர்த் தருமத்தை நோக்கி என்றேனும் கேட்டோமா? அரசு இலவசமாகக் கொடுக்கும் அதே நோட்டுப் புத்தகத்தை நாமும் வாங்கி, மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துக் கொடுக்கிறோமே, அதற்குப் பெயர் என்ன? ஓர் ஆண்டு நாம் கொடுத்த நோட்டுகளில் ஒரு கட்டு மறுவாரமே பக்கத்துப் பெட்டிக்கடையில் பாதி விலைக்கு வந்திருந்தது. பிள்ளைகள் நன்றி கெட்டவர்கள் என்று சிலர் சினந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு நோட்டு தேவையில்லை, வேறு ஏதோ தேவை என்பது அந்தக் கட்டைப் பார்த்தபோதும் நமக்கு உறைக்கவில்லை.

என்ன தேவை? இந்த மலையில் அது வீட்டுக்கு வீடு வேறு. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருபத்தைந்து பேருக்கு மேல் இருக்கும் தோட்டத்தில் கல்வி வசதி செய்யுமாறு முதலாளிகளைப் பணிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. பன்னிரண்டு வயது என்று அந்தச் சட்டம் எண்ணியதன் விளைவை இன்றும் காண்கிறோம்: தோட்டத்துப் பள்ளி பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நிற்கும். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் தோட்டப் பாதையில் இறங்கிப் பேருந்துச் சாலைக்கு வரவேண்டும். கூடலூர், பந்தலூர்ப் பக்கங்களில் அந்தப் பாதை யானைகளுக்கும் பாதை. சிறப்பு வகுப்பு முடிந்து ஆறு மணிக்குப் பெண்பிள்ளையை அவ்வழியே நடந்து வரச் சொல்லும் தாய் யார்? பத்தாம் வகுப்புப் பெண் சிறப்பு வகுப்பிலிருந்து நின்றுவிட்டாள் என்றால் ஆசிரியர் "அக்கறை இல்லை" என்று குறித்துக்கொள்வார். மாலையில் நான்கு பிள்ளைகளுக்குச் சேர்த்து ஒரு ஜீப் வைத்தால் தீரும் துன்பம் அது.

சேரம்பாடியிலிருந்து உதகைக்கு எண்பது கிலோமீட்டருக்குக் குறையாது. கூடலூரில் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. அங்கே இல்லாத பாடம் வேண்டுமென்றால் உதகை அரசு கலைக் கல்லூரி, இல்லையேல் மலையை விட்டே இறங்க வேண்டும். சிலருக்குத் தடை பணம்கூட அன்று, காகிதம். 1964 அக்டோபரில் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் செய்த உடன்படிக்கையால் 5,25,000 பேர் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வரவேண்டியவர்கள் என்று முடிவாயிற்று. அவர்களுள் ஒரு பகுதியினருக்காக 1968இல் இம்மலையில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது; அதுவே இன்றைய டான்டீ. வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது பள்ளியில் இருக்கிறார்கள். பாட்டன் கண்டியிலோ பதுளையிலோ பிறந்தவர் என்பதால் பேரனுக்குச் சாதிச் சான்றிதழ் பெறுவது பெரும்பாடாகிவிடுகிறது. தாலுகா அலுவலகத்துக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும். நான்கு முறை அலையச் சொன்னால் நான்கு நாள் கூலி. கூடலூரில் ஜன்ம ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களில் வீடு கட்டியவர்களுக்கு நெடுங்காலம் மின்இணைப்பே மறுக்கப்பட்டது. அந்தப் பிள்ளைகள் விளக்கு வெளிச்சத்தில் படித்தார்கள். அண்மைக்காலத்தில் ஜார்க்கண்டிலிருந்து குடும்பத்தோடு கொழுந்து பறிக்க வந்திருப்போரின் குழந்தைகளுக்கோ தமிழே முதல் தடை.

இவற்றில் எதை நூறு மைல் தொலைவிலுள்ள ஓர் அறக்கட்டளையின் விண்ணப்பப் படிவம் கண்டறியும்? மதிப்பெண் என்ன, ஆண்டு வருமானம் என்ன, தந்தை பெயர் என்ன என்று அது கேட்கும். மாலை நேரத்து ஜீப்பைப் பற்றி அதில் ஒரு கட்டமும் இராது. பக்கத்தில் இருப்பவன்தான் கொடுக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது ஊர்ப் பாசத்தால் அன்று. பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் எதைக் கொடுப்பது என்று தெரிய வாய்ப்புண்டு என்பதால்.

நீலகிரியைப் பள்ளிகளின் மலை என்று புகழ்வார்கள். லவ்டேலில் உள்ள லாரன்ஸ் பள்ளி 1858இல் யாருக்காகத் தொடங்கியது தெரியுமா? ஆங்கிலப் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக. உதவி பெறும் பிள்ளைகளுக்கென்று எழுந்த அந்நிலையம் இன்று நாட்டின் வசதி படைத்தோர் தேடி வரும் விடுதிப் பள்ளியாக விளங்குகிறது. காலம் அப்படி மாற்றிற்று. குறை சொல்லப் புகவில்லை. நம் செல்வர்களும் தம் மக்களை இம்மலையின் விடுதிப் பள்ளிகளில் சேர்க்க மேட்டுப்பாளையம் வழியே கார் ஏறி வருகிறார்கள். வரும் வழியெல்லாம் லயன்கள். சாளரத்தைச் சற்றே இறக்கிப் பார்த்தால் போதும்.

மார்க்க அடிப்படையில் வரும் தயக்கத்தையும் பார்த்துவிடுவோம். ஜகாத்தை வசூலான ஊரிலேயே பங்கிடுவது என்பது யமன் நாட்டுக்கு முஆத் (ரலி) அவர்கள் அனுப்பப்பட்ட வரலாற்றிலிருந்து ஃபிக்ஹு அறிஞர்கள் எடுத்துக்கொண்ட பாடம். உள்ளூரில் உரியவர் இருக்க வெளியூருக்கு அனுப்பலாகாது என்பதே ஷாஃபிஈ மத்ஹபில் மேலோங்கிய கருத்து. ஹனஃபி மத்ஹபில், உறவினருக்கோ கூடுதல் தேவையுடையோருக்கோ அன்றி அனுப்புவது மக்ரூஹ். நம் ஊர்களில் இவ்விரு மத்ஹபினரும் இருக்கிறோம்; இருவரும் சேர்ந்து காசோலையை மட்டும் மலையிறக்கி அனுப்புகிறோம்! கூடலூர்ப் பக்கம் கூலி வேலை செய்யும் நம் குடும்பங்களே எத்தனை!

"லயன்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் பிற சமயத்தார் ஆயிற்றே" என்பார் சிலர். ஜகாத்தைப் பெறத் தகுதியுடையோர் யார் என்பதை ஆலிம்கள் வரையறுத்திருக்கிறார்கள். அதில் நாம் கைவைக்கவில்லை. சதகாவுக்கு அந்த வேலி இல்லை. வணிக லாபத்துக்கும் இல்லை. ஐம்பது ஆண்டுகளாக நம் கல்லாவில் விழுந்த காசை, இது எந்தச் சமயத்தார் காசு என்று கேட்டா வாங்கிப் போட்டோம்?

இன்னொரு வழக்கத்தையும் கைவிட வேண்டும் என்போம். முதல் மதிப்பெண் பெற்றவரைத் தேடிப் பரிசளிக்கும் வழக்கம். முதல் மாணவனுக்குப் பள்ளி கொடுக்கும், சங்கம் கொடுக்கும், கட்சிக்காரர் கொடுப்பார். கணக்கில் 41 வாங்கி, பெற்றோர் "போதும், ஒர்க்‌ஷாப்புக்குப் போ" என்று சொல்லக் காத்திருக்கும் பையனுக்கு யார் கொடுப்பார்? அவனை ஐ.டி.ஐ.யில் சேர்த்து இரண்டாண்டு தாங்கினால், ஒரு குடும்பம் பற்று நோட்டிலிருந்து வெளியேறும். அவனுடைய படம் இதழில் அச்சேறாது. அதனாற்றான் அவனை யாரும் தேடுவதில்லை போலும்.

அருகிலிருந்து செய்தால் கைகூடும் என்பதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. கூடலூரில் ஆதிவாசிப் பிள்ளைகளுக்கென நடக்கும் வித்யோதயா பள்ளி இருக்கிறது. பணியர், காட்டுநாயக்கர் முதலிய இனத்துப் பிள்ளைகள் பிற பள்ளிகளில் ஒதுங்கி நின்று ஓரிரு வகுப்போடு காணாமற்போன காலத்தில், அந்த இனத்து இளைஞர்களையே ஆசிரியர்களாகப் பயிற்றி நடத்திக் காட்டினார்கள். ஒரு பிள்ளை இரண்டு நாள் வரவில்லை என்றால் அது எதற்கு என்று அந்த ஆசிரியருக்கு ஊகிக்கத் தெரியும். அவரும் அதே குடிசைகளிலிருந்து வந்தவர். நமக்கு அந்த அறிவு பற்று நோட்டு வழியாக ஏற்கனவே இருக்கிறது. அதை வசூலுக்கு மட்டும் பயன்படுத்துகிறோம்.

சென்ற ஆண்டு ஏப்ரலில் நாம் கடைக்காரர் ஐவர் கூடி, அவரவர் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு பெயர் பெயராகப் பேசினோம். யார் வீட்டில் எட்டாம் வகுப்பு, யார் வீட்டில் பத்து, யார் வீட்டில் பன்னிரண்டு என்று பார்த்தபோது, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக நம் கடைக்கு வருவோரின் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதுகூடத் தெரியாமல் பல பெயர்களில் விழித்தோம். கேட்டறிந்து ஏழு பிள்ளைகளை எடுத்துக்கொண்டோம். மேடை கிடையாது, படம் கிடையாது, பழைய பாக்கியோடு இந்தத் தொகையைச் சேர்த்து எழுதுவது கிடையாது என்ற மூன்றையும் முதலிலேயே பேசி முடித்தோம். இருவருக்கு விடுதி முன்பணம்; ஒரு பையனுக்கு ஐ.டி.ஐ.க் கருவிகளும் அறை வாடகையும்; மூவருக்குச் சேர்த்து மாலை ஜீப்; ஒரு வீட்டுக்குச் சான்றிதழ் அலைச்சலில் போகும் நாட்களுக்கான கூலி, கூடவே நம்மில் ஒருவர் அலுவலகத்துக்குத் துணை. ஆறு மாதச் செலவைக் கூட்டினோம். கல்லூரிக் கட்டடத்துக்கு அனுப்பிய தொகையில் பாதியைத் தொடவில்லை.

ஏழும் நிலைத்தன என்று எழுத ஆசைதான். ஐ.டி.ஐ. பையன் டிசம்பரில் நின்றுவிட்டான். தந்தைக்கு உடல்நலமில்லை, வேலைக்குப் போகிறேன் என்கிறான். இருமுறை வீட்டுக்குச் சென்று பேசிவிட்டு வந்தோம். தந்தையின் மருந்துச் செலவு எவ்வளவு என்று இரண்டாம் முறைதான் கேட்கத் தோன்றிற்று. அந்தக் கணக்கோடு வருகிற ஞாயிற்றுக்கிழமை மீண்டும் போகிறோம்.