வடம் பிடிக்க வந்த குரல்

கவிதைக்குச் சமுதாயப் பயன் உண்டோ என வினவினால், நம் மாணாக்கர் உடனே பாட்டின் பொருளைத் தேடுவர். சாதியைக் கடிந்ததா, ஏழைக்கு இரங்கியதா என்று பார்ப்பர். யாப்பும் ஓசையும் அவர்களுக்கு வேறொரு வினாவுக்குரியவை. வகுப்பிலே நாமும் நெடுங்காலம் இவ்வாறே பிரித்துப் பயிற்றி வந்தோம். அது பிழையென இன்று உணர்கின்றோம்.

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் தியோடர் அடோர்னோ 1957இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இதனை ஆராய்ந்தார். தன்னுணர்ச்சிப் பாடல் உலகை விட்டு ஒதுங்கித் தனித்துப் பேசுவதுபோலத் தோன்றினும், அத்தனிமையிலும் அதன் மொழியிலுமே சமுதாயத்தின் சுவடு பதிந்துள்ளது என்பது அவர் கொள்கை.

இதற்கு ஈழத்துக் கவிதையிலே நல்ல சான்றுண்டு. அளவெட்டியிற் பிறந்த மகாகவி உருத்திரமூர்த்தி (1927–1971) இயற்றிய 'தேரும் திங்களும்' என்னும் சிறு கவிதையே அது. ஊர் கூடித் தேர் இழுக்கின்றது. ஒருவன் ஆர்வத்தோடு வடம் பிடிக்க வருகின்றான். அவனும் ஒரு தாய் வயிற்றிற் பிறந்தவனே. ஆயினும் ஊரார் அவனைத் தடுக்கின்றனர், கலகம் மூள்கின்றது, தேர் நகராது நின்றுவிடுகின்றது. விண்ணேறித் திங்களைத் தொட்டு மீண்ட மனிதனின் சுற்றம் மண்ணிலே புரள்கின்றது.

பொருள் இவ்வளவே. இனி வடிவத்தை நோக்குவோம். வந்தவன் விடுக்கும் அழைப்பு, கேட்போரையும் தன்னுள் அடக்கும் உளப்பாட்டுத் தன்மைப் பன்மையிலே அமைந்துள்ளது. ஊராரின் மறுமொழியோ ஏவல் ஒருமையாய்க் குறுகி வெடிக்கின்றது. அழைப்பவன் அனைவரையும் தன்னோடு சேர்க்கின்றான். தடுப்பவர் அவனைத் தனியனாக்குகின்றனர். இவ்விரு குரல்களும் ஓடுவது ஒரே வெண்டளை ஓசையில் என்பதே வியப்பு. தேர்வடத்திலே மறுக்கப்பட்ட சமத்துவத்தை யாப்பு அவனுக்கு அளித்துவிடுகின்றது! மரபோசையைக் கைவிடாமலே அடிகளைப் பேச்சின் நிறுத்தத்திற்கேற்பப் பிரித்தமைத்தவர் மகாகவி. ஆதலால் புலவர் சொத்தாயிருந்த ஓசையிலே தெருவின் குரல் தடையின்றி நுழைந்தது.

இது வெறுங் கற்பனையன்று. பொது வழிபாட்டிடங்களிற் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957இல் நிறைவேறிற்று. எனினும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. மனிதன் சந்திரனில் அடிவைத்தது அதற்கு மறு ஆண்டு, 1969இல்.

பின்னர் 1986இல் யாழ்ப்பாணத்திலிருந்து 'சொல்லாத சேதிகள்' என்னும் தொகுதி வெளிவந்தது. அதிலே பெண்கள் தம் அகத்தைத் தாமே பேசினர். யாப்பை விடுத்துப் புதுக்கவிதையை மேற்கொண்டனர். மகாகவி பழைய ஓசையின் வாயிலைத் திறந்தார். இவர்கள் புதிய வாயில் அமைத்தனர். வழி வேறாயினும், பேசும் உரிமை எவருக்கு என்னும் வினா ஒன்றே.

மாணவ நண்பர்களே, ஒரு கவிதையைக் கற்கும்போது முதலில் வாய்விட்டுப் படியுங்கள். யார் குரல் நீள்கின்றது, யார் குரல் குறுகுகின்றது எனச் செவிகொடுங்கள். அதிலே 'நாம்' என்னும் சொல் வருமாயின், அதனுள் அடங்குவோர் யாவர், புறத்தே நிறுத்தப்பட்டோர் யாவர் எனக் கேளுங்கள். அவ்வினாவைக் கவிதையோடு விட்டுவிடாது, நம் வீட்டு முற்றத்திலும் கோயில் வீதியிலும் கேட்பீர்களாயின், கற்றதன் பயன் அதுவேயாம்.